பற்றவைத்தல்: பழைய லாரிகளின் டீசல் தொட்டி குறித்துச் சில குறிப்புகள்

வடுகபட்டி என்றதும் இலக்கிய வாசகர்களுக்குக் கவிஞர் வைரமுத்துவும், வைகை அணையால் இடம்பெயர்ந்த மக்களைப் பேசும் 'கள்ளிக்காட்டு இதிகாச'மும் நினைவுக்கு வரும். வணிகர்களுக்கோ அது பூண்டுச் சந்தையின் ஊர். பெரியகுளத்தை ஒட்டிய இந்தச் சிறு பேரூராட்சிக்குக் கொடைக்கானல் மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களிலிருந்து மலைப்பூண்டு இறங்குகிறது. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பகுதிகளிலிருந்து வடநாட்டுப் பூண்டு ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து சேர்கிறது. இங்கு வளர்ந்த எனக்கு அந்தச் சந்தையின் நினைவு இரண்டு வாசனைகளின் கலவை. ஒன்று பூண்டு, மற்றொன்று டீசல்.

பூண்டின் வரலாற்றை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பல கட்டுரைகள் வந்தன. அதைச் சுமந்து வந்த வண்டியை, குறிப்பாக அவ்வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் தகரத் தொட்டியை, நம்மில் எவரும் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. ஒரு பழைய லாரியின் டீசல் தொட்டி எங்கே இருக்கிறது, எந்த உலோகத்தால் ஆனது, எவ்வளவு கொள்ளும், ஓட்டை விழுந்தால் உரிமையாளர் என்ன செய்கிறார் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனால், இப்பள்ளத்தாக்கின் முக்கால் நூற்றாண்டுச் சாலை வணிகம் கண்முன் விரியும் என்பது என் எண்ணம். இந்தக் குறிப்புகள் அந்த எண்ணத்தின் விளைவு. இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

*

முதலில், தொட்டி எங்கே இருந்தது என்பது.

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் எரிபொருள் தொட்டி எஞ்சினைவிட உயரத்தில் வைக்கப்பட்டது. ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலோ முன்பலகைக்குப் பின்னாலோ இருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்கி எஞ்சினுக்குள் சென்றது. பம்ப் என்று எதுவும் கிடையாது. இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டி செங்குத்தான மேட்டில் ஏறும்போது எஞ்சின் தொட்டியைவிட உயரத்திற்குப் போய்விடும். எரிபொருள் வராமல் வண்டி நின்றுவிடும். உலகப் புகழ்பெற்ற ஃபோர்டு 'டி' மாடல் வண்டிகளை, தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும் நேரங்களில், மேடுகளில் பின்புறமாக ஏற்றினார்கள் என்பது வேடிக்கைக் கதையன்று, நடைமுறை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையில் அப்படி ஒரு வண்டி பின்னோக்கி ஏறுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

பின்னர் வெற்றிடத்தால் உறிஞ்சும் கருவிகளும், இருபதுகளின் பிற்பகுதியில் இயந்திர பம்புகளும் வந்தன. அதன்பிறகு தொட்டி எஞ்சினுக்கு மேலே இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. மெல்லக் கீழிறங்கிச் சேஸின் பக்கவாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுநர் தன் மடிக்கு அடியில் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டும் நிலை மாறியது.

மதுரைப் பகுதியில் மோட்டார்ப் போக்குவரத்து டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தொடங்கிய பேருந்துச் சேவையோடு வேர்விட்டது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதே போர்க்காலத்தில் பெட்ரோலும் அருகிப்போயிற்று. பேருந்துகளின் பின்புறம் கரிவாயு உலைகள் ஏறின, டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய வாயு உலையைத் தயாரித்தது. தொட்டி நிறையத் திரவம் என்பது பறிபோய், அடுப்புக்கரி மூட்டையோடு வண்டிகள் ஓடிய காலம் அது. தொட்டி என்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை நம் பெரியவர்கள் அதை இழந்துதான் அறிந்திருக்கிறார்கள்.

*

விடுதலைக்குப் பின் வந்ததே இன்றும் நாம் 'பழைய லாரி' என்று சொல்லும் வண்டியின் காலம். 1954-இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய எண்ணூர் நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. பென்ஸ் ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. மூக்கு நீண்ட லாரியின் முகப்பில் நட்சத்திரம் இருந்த இடத்தில் 'டி' எழுத்து வந்தது. வண்டி மாறவில்லை. இப்பள்ளத்தாக்கின் முதியவர்கள் பலர் நெடுநாள் வரை அதை 'பென்ஸ் லாரி' என்றுதான் சொன்னார்கள்.

இவ்வண்டிகள் டீசலில் ஓடின. டீசல் எஞ்சின், தொட்டியின் இலக்கணத்தையே மாற்றியது. பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டர் ஓரளவு அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். டீசல் எஞ்சினின் இன்ஜெக்ஷன் பம்ப் பொறுத்துக்கொள்ளாது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கி, 1951-இல் நிறுவப்பட்ட மைக்கோவின் வழியாக நம் ஊருக்கு வந்த அந்தப் பம்பின் உறுப்புகள், தலைமயிரின் தடிமனைவிடப் பலமடங்கு நுண்ணிய இடைவெளியில் இயங்குபவை. தொட்டியிலிருந்து ஒரு துரும்புத் துருவோ ஒரு சொட்டு நீரோ வடிகட்டியைத் தாண்டினால் பம்பும் நாசிலும் கெடும். ஆகவே, தொட்டி வெறும் கொள்கலனாக இருந்த நிலை போய், எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கும் உறுப்பாயிற்று.

மற்றொரு மாற்றம் குழாய்களில். டீசல் தொட்டியிலிருந்து ஒரு குழாய் புறப்படுகிறது, மற்றொன்று திரும்புகிறது. எஞ்சின் எரிப்பதைவிட அதிகமான டீசலை ஃபீட் பம்ப் இழுக்கும். மிஞ்சியது சூட்டோடு 'ரிட்டர்ன்' குழாய் வழியே தொட்டிக்கு வந்து சேரும். மாற்றுத் தொட்டி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உறிஞ்சும் குழாயின் வாயும் திரும்பும் குழாயின் வாயும் அருகருகே இருந்தால், நுரையோடு வரும் டீசலை எஞ்சின் மறுபடியும் உறிஞ்சும், காற்றடைப்பு ஏற்படும். சமவெளியில் அது தெரியாமலே போகலாம். குமுளி மலையில் பாரத்தோடு ஏறும்போது தெரிந்துவிடும்.

*

இனி, ஓட்டை.

எங்கள் பக்கத்துச் சிறு உரிமையாளர்கள் புதுவண்டி வாங்கியவர்கள் அல்லர். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் பத்தாண்டுகள் ஓடிக் களைத்த வண்டியை இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்கள். வண்டியோடு அதன் தொட்டியின் வயதும் கூடவே வரும். பாதித் தொட்டியோடு இரவில் நிற்கும் வண்டியில், மேற்பாதியிலுள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி அடியில் தங்குகிறது. டீசலைவிட நீர் கனமானது என்பதால் அது அங்கேயே கிடந்து தகட்டை அரிக்கிறது. நீரும் டீசலும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் ஒருவகைப் பூஞ்சை கூட வளர்கிறது. வடிகட்டியில் கறுப்புக் களிம்பாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் அதுதான். தொட்டியைச் சேஸோடு பிணைக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் ரப்பர் தேய்ந்துபோனால், பட்டை தகட்டை அறுக்கிறது. ஆக, தொட்டி உள்ளிருந்து அடியிலும், வெளியிலிருந்து பட்டையடியிலும் சாகிறது.

கசிவு தொடங்கியதும் குளியல் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். சோப்பு டீசலில் எளிதில் கரையாது என்பதால் அது ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். அடுத்த கட்டம் பட்டறை.

'பற்றவைத்தல்' என்ற நம் சொல்லை அந்தப் பட்டறைகளில்தான் நான் முதன்முதலாகக் கூர்ந்து கவனித்தேன். தமிழில் அது இரு உலோகங்களை ஒட்டவைப்பதையும் குறிக்கும்; தீ மூட்டுவதையும் குறிக்கும். ஒரு சொல்லில் இரு பொருள் இருப்பது கவிதைக்கு நல்லது. டீசல் தொட்டிக்கு நல்லதன்று.

என் தாய்மாமா பழைய டாட்டா 1210 லாரி ஒன்றை வைத்திருந்தார். அதன் தொட்டி 160 லிட்டர் கொள்ளும். அத்தையின் நகைகளை அடகுவைத்து வாங்கிய வண்டி. தொட்டியின் அடிப்பகுதியை அதற்கு முன் இரண்டுமுறை பற்றவைத்திருந்தார். 1987 கோடையில் மூன்றாவது முறையாகக் கசிந்தது. சந்தையில் பூண்டு மூட்டைகள் ஏற்றத்திற்குத் தயாராக இருந்தன. மறுநாள் காலை சரக்கு வேறு ஊரில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் தொட்டியைக் கழற்றி, டீசலை வடித்து, சோப்புத்தூள் போட்டுக் கழுவினார்கள். முழுக்கத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் பற்றவைக்கலாம் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். தண்ணீர் லாரி வர ஒருமணி நேரமாகும். மாமா காத்திருக்க விரும்பவில்லை.

அன்று அங்கிருந்த எவரும் முட்டாள்கள் அல்லர். 'டீசல் பெட்ரோல் மாதிரி பிடிக்காது' என்ற பொதுநம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. திறந்த தட்டில் ஊற்றிய டீசலில் தீக்குச்சியைப் போட்டால் அது பெரும்பாலும் அணைந்துதான் போகும். ஆனால் இந்தியத் தரநிலை டீசலுக்கு வரையறுத்துள்ள தீப்பற்று வெப்பநிலையின் கீழ்வரம்பு 35 பாகை செல்சியஸ். நம் கோடைப் பகலின் வெப்பம் அதைத் தாண்டுவதே. எவ்வளவு கழுவினாலும் தொட்டியின் மடிப்புகளிலும் உள்தடுப்புத் தட்டுகளின் பின்புறத்திலும் டீசல் ஒட்டியிருக்கும். வெல்டிங் சூடு அதை ஆவியாக்கும். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி ஆபத்தானதற்குக் காரணம் இதுவே. நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. காலித் தொட்டியில் ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்தாகக் காத்திருக்கின்றன. சில பட்டறைகளில் ஓடும் லாரியின் புகைக்குழாயைத் தொட்டிக்குள் விட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டதாக நம்புவார்கள். மெதுவாக ஓடும் டீசல் எஞ்சினின் புகையில் ஆக்சிஜன் பெரும்பங்கு எரியாமல் மிஞ்சியிருக்கிறது. அந்த உத்தியும் காப்பாற்றாது.

தொட்டியின் பக்கத்தகடு விரிந்து பிளந்தது. பற்றவைத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாள் பையனுக்கு வலது கண் போயிற்று. அவனுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம்.

மாமா அந்தக் குடும்பத்துக்கு நெடுநாள் பணம் கொடுத்துவந்தார் என்று அத்தை சொல்லித்தான் தெரியும். அவர் இதைப்பற்றி என்னிடம் பேசியது ஒரேமுறை. "மாப்ளே, டேங்க்க மாத்துறதுன்னா காசு. பத்தவைக்கிறதுன்னா உசுரு. ரெண்டுல எது மலிவுன்னு அன்னிக்கு நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். ஒருமணி நேரத்துக்கு அவசரப்பட்டது நான்தான், பட்டறக்காரர் இல்ல" என்றார்.

*

மாமா அதன்பின் ஓட்டைத் தொட்டியைப் பற்றவைத்ததில்லை. மாற்றினார். மற்றவர்களுக்கும் மாற்றிக்கொடுத்தார். தேர்வு செய்வதில் அவர் கடைப்பிடித்த முறையை இங்கே தொகுத்துச் சொல்வது பயனுடையது.

முதல் விதி: உலோகம். அக்காலத்துத் தொட்டிகள் ஈயமும் வெள்ளீயமும் பூசிய எஃகுத் தகட்டால் ஆனவை. உள்ளூரில் மலிவாகச் செய்துதருபவர்கள் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைப் பயன்படுத்துவதுண்டு. துருப்பிடிக்காதே என்று வாங்குபவரும் மகிழ்வார். ஆனால் டீசலிலும் அதன் ஈரத்திலும் உருவாகும் அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்புப் பொருளாகி வடிகட்டியையும் நாசிலையும் அடைக்கின்றன. செம்பும் டீசலைக் கெடுக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்ற தகடு டீசல் தொட்டிக்கு ஆகாது என்பதைப் பலர் பம்பைப் பழுதாக்கிய பிறகே கற்றார்கள். இன்று அலுமினியத் தொட்டிகளும் வார்ப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளும் கிடைக்கின்றன. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, துருவும் இல்லை. ஆனால் எஃகுப் பட்டை நேரடியாக அதன்மேல் உரசினால் ஈரத்தில் அரிப்பு தொடங்கும். இடையே ரப்பர் கட்டாயம். பிளாஸ்டிக் தொட்டியைச் சைலன்சருக்கு அருகில் மாட்டக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் விதி: வயிற்றுக்குள் பார்ப்பது. காயலான் கடையில் எடுக்கும் தொட்டியை மாமா முதலில் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே துருச்செதில் சலசலத்தால் வைத்துவிடுவார். உள்தடுப்புத் தட்டு விட்டுப்போய் 'டங்' என்று அடித்தாலும் வேண்டாம் என்பார். அத்தட்டுகள் இல்லாவிட்டால் மலைவளைவுகளில் டீசல் ஒருபுறமாக ஓடிக் குவியும். உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும்.

மூன்றாம் விதி: அளவு. பழைய லாரி பாரத்தோடு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தந்தால், மந்த்சௌரிலிருந்து வடுகபட்டிக்கு ஏறக்குறைய 500 லிட்டர் தேவை. 160 லிட்டர்த் தொட்டி அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. பெரிய தொட்டி மாட்டினால் விலை குறைந்த மாநிலத்தில் நிரப்பிக்கொண்டு, விலை கூடிய மாநிலத்தைக் கடந்துவிடலாம். மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறுபடும் நாட்டில் தொட்டியின் கொள்ளளவு ஒரு பொருளாதாரக் கருவி. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறத் தொடங்கியபின் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாயிற்று. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 300 லிட்டர் டீசல் ஏறக்குறைய 250 கிலோ எடை. பழைய பிராக்கெட்டுகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது. "அதே அளவு, அதே எடம்" என்பது மாமாவின் வாய்பாடு.

பொருத்தும் வேலை அரைநாள் ஆகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குவார். புதுத் தொட்டியானாலும் சிறிது டீசல் ஊற்றி அலசிக் கொட்டுவார். பட்டைகளுக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைப்பார். உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் தரையைத் தொடாமல் ஓரிரு விரற்கடை மேலே நிற்க வேண்டும். தரை என்பது நீருக்கும் மண்டிக்கும் உரிய இடம். அவற்றை வடிக்கும் திருகு மிகத் தாழ்ந்த புள்ளியில் இருக்க வேண்டும். மூடியின் மூச்சுத்துளை அடைபடாதிருக்க வேண்டும். அடைபட்டால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி வண்டி மேட்டில் திணறும். அளவுகாட்டியின் மிதவை பழைய மீட்டரோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால் காலித் தொட்டியைப் பாதி என்று காட்டி நடுக்காட்டில் நிறுத்தும். கடைசியாகக் கைப்பம்பை அடித்து, வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, குமிழிகள் நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுவார். எஞ்சின் பிடித்ததும் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்ப்பார். கசிவு கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும்.

*

இன்றைய நிலை வேறு. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் டீசல் தொட்டிக்குப் பக்கத்திலேயே யூரியாக் கரைசலுக்கென்று இரண்டாவது தொட்டி தொங்குகிறது. அவற்றின் எரிபொருள் அமைப்பு கணினியோடு பிணைந்தது. மரத்தடிப் பட்டறையின் கைக்கு அது எட்டாது. பதினைந்தாண்டு கடந்த கனரக வண்டிகளுக்கான எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலில் பன்மடங்கு உயர்ந்தது. பழைய லாரியைத் தொட்டி மாற்றி, பம்ப் மாற்றி ஓட்டுவதைவிட எடைக்குப் போடுவதே லாபம் என்ற நிலைக்குச் சிறு உரிமையாளர் தள்ளப்படுகிறார். அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில் 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்பிவிட்டது. இருப்பினும் பூண்டு இன்றும் லாரியில்தான் வருகிறது. ரயில் நிலையம் வடுகபட்டியில் இல்லை.

பழைய வண்டிகள் புகை கக்கின. அவை போவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று சொல்லும் நண்பர்களோடு நான் வாதிடுவதில்லை. ஆனால் அவ்வண்டிகளோடு சேர்ந்து ஓர் அறிவும் போகிறது. எந்தத் தகடு ஆகும், எது ஆகாது, எங்கே பொறுமை தேவை, எங்கே ஒருமணி நேரத்தை மிச்சப்படுத்தக் கூடாது என்ற அறிவு. அதை எவரும் எழுதி வைக்கவில்லை. கற்றவர்கள் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கையையோ கண்ணையோ விலைகொடுத்துத்தான் கற்றார்கள்.

அன்று பிளந்த தொட்டியை மாமா எடைக்குப் போடவில்லை. வீட்டுக் கொல்லையில் வேலியோரம் நெடுங்காலம் கிடந்தது. மழைக்காலத்தில் அதில் நீர் தேங்கும், கோழிகள் குடிக்கும். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று அத்தை ஒருமுறை கேட்டாள். "கெடக்கட்டும், எடஞ்சலா இருக்கு? இருக்கட்டும்" என்றார்.